கவலைச் சரிவில் படித்த சின்னசாமி

என் கூடப்பிறந்தவள் மகன் சின்னசாமி பெரிய வாத்தியார் ஆவான், அவன் போகும் நாளில் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையே பேரத்தை நிறுத்தும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சொன்னபடியே நடந்தது. போன வாரம் பாலக்காட்டிலிருந்து வந்த வண்டிக்காரர் சந்தையில் என்னிடம், "உங்க மருமவன் காய்ச்சல்ல போயிட்டாருங்க" என்றதும், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த தரகர்கள் அத்தனை பேரும் கையை உருவிக்கொண்டார்கள். இவ்வளவு சீக்கிரம் என்பதை மட்டும் நான் சொல்லியிருக்கவில்லை.

அவனிடம் காலேஜில் படித்த பிள்ளைகள் துக்கம் கேட்க வந்தபோது ஒன்றை விசாரித்தார்கள். வகுப்பில் சன்னல் வரைக்கும் புத்தகத்தைப் படித்துக்கொண்டே போவானாம். அங்கே அதை மூடிவிட்டு, பின்பக்கமாக நடந்தபடி, படித்ததைப் பாராமல் சொல்வானாம். "அது என்ன பழக்கமுங்க?" என்றார்கள். அதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான்காவதில் எனக்குச் சொல்லித்தர யாரிடமும் சரக்கு இருக்கவில்லை.

காலேஜில் சேர்ந்த புதிதில் சின்னசாமி நாள் முழுக்க உரக்கப் படித்தான். முதல் பரீட்சையில் தோற்று ஊர் வந்தான். அவன் அப்பா, என் மச்சான், அதட்டிப் பேசாதவர். "இன்னொருக்காத் தோத்தா காலேஜு வேண்டாம், கவலை ஓட்டட்டும்" என்றார். எங்கள் கிணற்றில் கவலை இறைப்புதான். மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் வாளியான சால் தண்ணீரோடு மேலே வரும். அவை பின்னுக்கு நடந்து மேடேறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் போகும்.

லீவில் அவன்தான் ஓட்டினான். சாலை இழுக்கும் வடத்தின்மேல் உட்கார்ந்து சரித்திரப் புத்தகத்தை விரித்திருந்தான். நான் போய், "மாப்ளே, மாடு எறங்கையில படி. பின்னுக்கு ஏறையில மூடிப்போட்டுச் சொல்லிப் பாரு" என்றேன்.

"மறந்து போச்சுன்னா என்னங்க மாமா பண்றது?"

"அடுத்த சால் வருமல்ல."

லீவு முடிவதற்குள் வயலும் நனைந்தது, புத்தகமும் முடிந்தது. செவலை மாட்டுக்கே டில்லி ராஜாக்கள் வரிசை அத்துபடி ஆகிவிட்டது. விடுதியில் மாட்டுக்கு எங்கே போவது? வராந்தாவில் முன்னே நடந்து படித்தான், பின்னே நடந்து சொன்னான். "வேலந்தாவளத்துக் காளை தண்ணி எறைக்குதுடா" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "சிரிக்கறவங்க ஆளுக்கொரு கை புடிங்க, வடம் கனமா இருக்குது" என்பானாம். அடுத்த பரீட்சையில் தேறினான். மச்சான் கவலைக்கு வேறு ஆள் வைத்தார்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அந்தப் பழக்கம்தான். இதைக்கூட ஒவ்வொரு வரியாக எழுதி, மூடி, சொல்லிப் பார்த்துத்தான் அடுத்த வரிக்கு வருகிறேன். அப்படிச் சொல்லிப் பார்த்ததில் ஓரிடம் மட்டும் நாக்கில் நிற்க மாட்டேன் என்கிறது. கிணற்றடியில் யோசனை சொன்னது நான் இல்லை. "ஏண்டா மாப்ளே, புஸ்தகத்த மூடறே?" என்று கேட்டதுதான் நான்.

"பின்னுக்கு ஏறையில மாட்டப் பாக்கோணுமுங்க மாமா. அதான் மூடிப்போட்டு வாயால சொல்லிப் பாக்கறனுங்க."

மறந்து போனால் என்ன செய்வாய் என்று கேட்டதும் நான்தான்.

"அடுத்த சால் வருமுங்கல்ல" என்று சொல்லி, மாட்டை இறக்கினான்.