பெட்டி மாறிய மூன்று நாட்களும் சிக்கந்தர் பாயும்

சிக்கந்தர் பாய் மௌத்தான செய்தி வந்தபோது நான் ஒருவருக்கு டிக்கெட்டின் தேதியை மாற்றிக்கொண்டிருந்தேன். பாயின் மகள்தான் போனில் பேசினார். “அக்கா, அத்தா போயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாங்க, எந்திரிக்கவே இல்லை.” நான் “சரிம்மா” என்று மட்டும் சொன்னேன். எதிரே இருந்தவருக்கு டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்து, “பெட்டியில பேரைப் பெருசா எழுதுங்கண்ணே” என்று சொல்லி அனுப்பினேன். பாய் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை அது. அந்த ஆள் படியிறங்கிப் போன பிறகுதான் பாயின் காலி நாற்காலியை நிமிர்ந்து பார்த்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், விமான டிக்கெட் போடுகிற ஒரு சின்ன அலுவலகத்தில் அவரும் நானும் பத்தொன்பது வருடம் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தோம். அவர் புதுமடம், நான் அபிராமம். கம்ப்யூட்டரை அவர் ஒற்றை விரலால்தான் தட்டுவார். ஒரு பெயரை அடித்து முடிப்பதற்குள் பயணியே பொறுமையிழந்து, “நானே அடிச்சுத் தரவா பாய்?” என்பார். “உங்க பேருதானே, மெதுவாத்தான் வரட்டுமே” என்று சிரிப்பார். நானோ வெடுக்கென்று பேசுகிறவள். “இந்த அக்கா மூஞ்சிக்குப் பயந்தே வேற கடைக்குப் போறோம்” என்று சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களையெல்லாம் திரும்ப அழைத்து வந்தது பாயின் டீதான்.

யாரும் சம்பளம் தராத ஒரு வேலையும் அவரிடம் இருந்தது. வளைகுடாவிலிருந்து வருகிற எங்கள் பக்கத்து ஆட்கள் வழியில் எதையாவது தொலைத்துவிட்டு வருவார்கள். சோதனைத் தட்டில் கழற்றி வைத்த மோதிரம், இருக்கைக்கு முன்னால் செருகிய பை, வேனில் நழுவிய கைக்கடிகாரம். டிக்கெட் போட்ட இடம் என்று நேராக எங்களிடம்தான் வருவார்கள். பாய் விமான நிலையத்துக்குப் போன் போடுவார், வேன் டிரைவர்களைக் கூப்பிடுவார், உரியவரைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். தானே ஒன்றைத் தொலைத்த மாதிரி அந்த நாட்களில் முகம் வாடிக் கிடக்கும்.

ஒருமுறை ஒரு வேன் டிரைவர், சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே ஒரு தங்கச் சங்கிலி. அந்த வேனில் வந்தவர்கள் எல்லோரும் மக்காவுக்கு உம்ரா போய்த் திரும்பியவர்கள். விசாரித்ததும் இரண்டு குடும்பங்கள் சங்கிலி எங்களுடையது என்றன. “சங்கிலியைப் பத்திக் கேக்காதே தங்கச்சி. அதுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு கேளு” என்றார் பாய். முதல் குடும்பம் தஸ்பீஹ் மணி என்றது, பேரீச்சம்பழம் என்றது, இரண்டும் இல்லை. இன்னொரு குடும்பத்துப் பெரியம்மா வாயே திறக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பாய்க்குப் பட்டென்று விளங்கிவிட்டது. ஆண்களையெல்லாம் டீ குடிக்க வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தனியாகக் கேட்டதும் அந்த அம்மா என் காதில், “என் பல்லு செட்டு இருக்கும் பாரும்மா” என்றார். சங்கிலி போனால்கூடப் பரவாயில்லை, பொய்ப்பல் வெளியே தெரியக்கூடாது என்று இருந்திருக்கிறார்!

இப்படிச் சிரிக்கச் சொல்ல எத்தனையோ உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொன்று. ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாதது.

மாரியூர் முனியசாமி வளைகுடாவில் மீன்பிடி விசைப்படகில் வேலை பார்ப்பவன். அவன் ஊருக்கு வரும்போது, அங்கேயே வேலையிலிருந்த புதுமடத்துக்காரர் ஒருவர், மகள் நிக்காஹுக்கு வாங்கிய வளையலையும் சங்கிலியையும் அவன் வசம் கொடுத்துவிட்டார். ஊருக்கு வருகிற ஆளிடம் நகை கொடுத்து விடுவது எங்கள் கடற்கரையில் புதிதில்லை. கையெழுத்து கிடையாது, சீட்டு கிடையாது, ஆளை நம்பித்தான். நகையைப் பால்பவுடர் டப்பாவில் வைத்துக் கொடுத்து, “கையிலேயே வச்சுக்கோ” என்றுதான் சொல்லியிருக்கிறார். கைப்பையில் இருந்தால் நாலு பேர் கண்ணில் படும் என்று முனியசாமி அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டான். மேலே பெயர் எழுதவில்லை.

அங்கிருந்து வருகிற முக்கால்வாசிப் பேரின் பெட்டியும் ஒரே மாதிரி, போர்வை வாங்கின அட்டைப்பெட்டிதான். மதுரையில் இறங்கியதும் கூட வந்த ஒருவர் உதவி செய்வதாக நினைத்து அவனுக்கும் சேர்த்து ஒரு பெட்டியை இழுத்து வண்டியில் போட்டுவிட்டார். வீட்டில் அவன் குளித்துவிட்டு வருவதற்குள் பிள்ளைகள் கயிற்றை அறுத்து, விமானத்தில் ஒட்டிய சீட்டையும் கிழித்தெறிந்து திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது யாருடைய பொருளோ. டப்பா இல்லை. நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அன்றே அந்தப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தான். பாய் விமான நிலையத்துக்குப் பேசினார்; பெட்டி மாறியதாக வேறு யாரும் எழுதித் தரவில்லை என்றார்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று அவனை அனுப்பிவிட்டு, பாய் லுஹர் தொழப் போனார். அந்த நேரத்தில்தான் மணப்பெண்ணின் தாய் ரஹ்மத் லாத்தா போன் செய்தார். அழுதுகொண்டே, “நீ என்னம்மா நினைக்கிற?” என்று கேட்டார். நான் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம். “பெட்டி மாறுச்சுன்னு அவன்தானே லாத்தா சொல்றான்? வேற யாரும் சொல்லலையே” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. ஆபீஸிலேயே அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று சாயங்காலத்துக்குள் புதுமடம் முழுக்கப் பரவிவிட்டது. நாலு பேர் பைக்கில் மாரியூருக்குப் போய், முனியசாமி வீட்டு வாசலில் நின்று திருடன் என்று கத்தியிருக்கிறார்கள். அவன் மனைவி தண்ணீர்க் குழாய்க்குப் போவதையே நிறுத்திவிட்டாள். மறுநாள் அவன் வந்தபோது சவரம் செய்யாத முகம், அதே சட்டை. “நகை கிடைக்காட்டி நான் கடலுக்குப் போயி அப்படியே போயிருவேன் பாய். திருடன்னு பேரு வாங்கிக்கிட்டு அந்தத் தெருவுல இருக்க முடியாது” என்றான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. “சரி, பெட்டியப் பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார்.

போர்வை, சோப்பு, தைலம், பேரீச்சம்பழம். இரண்டு ஜோடி ஷூ, ஒரே நிறம், ஒரே மாடல், அளவு மட்டும் வேறு. ஷூவுக்குள் மடித்து வைத்த ஒரு தாள். வெளிநாடு போகிறவர்கள் பிள்ளையின் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அளவுக்கு எடுத்துப் போவார்கள். அப்படி ஒரு தாள். “ரெண்டு பிள்ளைக போல” என்றேன். “ரெண்டு பிள்ளைகன்னா ரெண்டு தாள் இருக்கணுமே. இங்கன ஒண்ணுதான் இருக்கு” என்று அதை மேசையில் விரித்தார். இடது பாதம் சின்னது, வலது பாதம் பெரியது. “ஒரே பிள்ளைதான் தங்கச்சி. ஒரு சோடி போட ரெண்டு சோடி வாங்க வேண்டியிருக்கு” என்றார்.

தாளைத் திருப்பினால் மாதக் காலண்டர். கீழே அபிராமத்து உரக்கடையின் பெயர். எங்கள் அய்யா உரம் வாங்குகிற கடை. மறுநாள் காலையிலேயே காரில் கிளம்பினோம். பாய், நான், முனியசாமி, ரஹ்மத் லாத்தாவின் தம்பி ஜமால். ஜமாலைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும் என்று பாய்தான் பிடிவாதம் பிடித்தார். “நகை கிடைச்சாப் போதாது. ஆளு மேல விழுந்த சொல்லும் எறங்கணும். அதுக்கு அவுக வீட்டு ஆளே பார்க்கணும்” என்றார்.

உரக்கடையில் பெட்டி என்றோ நகை என்றோ மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. கால் சிறுத்த பிள்ளை ஒன்று இங்கே உண்டா என்று மட்டும் கேட்டேன். “அடுத்த தெருவுதாம்மா. அந்தப் பிள்ளையோட தாத்தா செத்து அஞ்சு நாளாச்சு. மகன் வெளிநாட்டுல இருந்து ஓடி வந்திருக்கான்” என்றார் கடைக்காரர்.

வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. மொட்டைத் தலையோடு அந்த மகன் உட்கார்ந்திருந்தார். ஜமாலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாய் கண்ணாலேயே அவரை அடக்கிவிட்டு, இறந்தவர் எப்படி இருந்தார், என்ன உடம்புக்கு என்று அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் ஷூக்களை எடுத்து நீட்டினார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. “என் பெட்டி உள்ளதாங்க இருக்கு. வந்ததுல இருந்து நான் தொடவே இல்லை” என்றார். உள்ளறை மூலையில், மாலையும் பாத்திரமுமாகக் கிடந்ததற்கு நடுவில் பெட்டி இருந்தது. முனியசாமி குனிந்து கயிற்றைத் தடவிப் பார்த்தான். “என் முடிச்சு பாய். வலைக்குப் போடுற முடிச்சு. யாரும் அவுக்கல” என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கால் சிறுத்த அந்தச் சின்னப் பெண் அதற்குள் இரண்டு ஜோடியிலிருந்தும் ஒவ்வொரு ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வெளியே நடந்தது.

ஜமால் அங்கேயே பெட்டியைத் திறக்கச் சொன்னார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. நேராகப் புதுமடம் போனோம். ரஹ்மத் லாத்தா வீட்டு வாசலில், தெரு பார்த்திருக்க, முனியசாமி தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்து, டப்பாவை எடுத்து லாத்தாவின் கையில் கொடுத்தான். “எங்க வாயில அடிக்கணும் தம்பி” என்று லாத்தா அழுதார். அப்போது கூட்டத்தில் ஒருவர், “ஆபீஸ்லயே அப்படித்தானே சொன்னாங்க?” என்று கேட்டார்.

நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாத்தா என் பக்கம் திரும்பினார். அதற்குள் பாய் சொன்னார்: “அந்தப் பிள்ளையப் பாக்காதீங்க. நான் சொல்லச் சொன்னதைத்தான் அது சொல்லுச்சு. விசாரிக்காமச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது.” பிறகு முனியசாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “மாப்புக் குடுப்பா” என்றார். அத்தனை பேர் முன்னால், அவர் பிறந்த தெருவில்.

நான் வாயைத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பேசுகிற வாய், அன்றைக்கென்று மூடிக்கொண்டது. திரும்பும்போது காரில், “ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். “நாளைக்கும் நீ அந்தச் சீட்டுல உக்காரணும்ல” என்றார். நான் அழுதேன். அவர் டிரைவரிடம் டீக்கடை பார்த்து நிறுத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சிலர் அவரிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். விசாரிக்காமல் ஒருவனைத் திருடனாக்கிய ஆள் என்று அவருக்குப் பேர். அது அவர் காதுக்கும் வந்தது. ஒருநாள்கூட என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, யாரிடமும் என் பெயரைச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ஜனாஸா அன்று நான் வீட்டுப் பெண்களோடு இருந்தேன். அடக்கம் முடிந்து கபுருஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பியபோது அவர்களோடு முனியசாமியும் வந்தான். கண் சிவந்திருந்தது. அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். “தம்பி, அன்னைக்கு உன்னைச் சொன்னது பாய் இல்லை. நான்தான். பாய்க்குத் தெரியாமச் சொன்னேன்.”

“தெரியும்க்கா” என்றான்.

“பாய் சொன்னாரா?”

“அவரு எங்க சொல்லுவாரு. அதுக்கப்புறம் நான் டிக்கெட்டுக்கு வந்தப்பல்லாம், எனக்கு மட்டும் நீங்க எந்திரிச்சு நின்னுல்ல குடுப்பீங்க. வேற யாருக்கும் நீங்க எந்திரிச்சு நான் பாத்ததில்லை.” செருப்பை மாட்டிக்கொண்டே, “இனிமே உக்காந்தே குடுங்கக்கா” என்றான்.

மூன்றாம் நாள் பாய் வீட்டில் அவருக்காக ஓதியபோது போனவள், ரஹ்மத் லாத்தா வீட்டுக்கும் போனேன். அவரிடமும் சொன்னேன். அப்போது வெளியே வந்த ஜமாலிடமும், பக்கத்து வீட்டில் நின்றவர்களிடமும் சொன்னேன். “இத்தனை வருஷமா நான் அந்த மனுசனையில்லம்மா ஏசிக்கிட்டிருந்தேன்” என்றார் லாத்தா.

அவருடைய மேசை, நாற்காலி எல்லாம் அலுவலகத்துக்குச் சொந்தம். பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பழி ஒன்றைத்தான். அது என்னுடையது. ஆறு வருடம் அவரிடம் இருந்தது.