அக்காவின் பேரைப் போட்ட நாள்

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக முன் ஹாலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சுவரில் மாட்டிய சாமி படங்களைப் பார்த்துவிட்டு, நல்ல இடம் என்று வந்துவிடுவார்கள். நான் அப்படியில்லை. உள்ளே நுழைந்ததும், "முதலில் கக்கூஸைக் காட்டுங்கள்" என்பேன். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகப் போய் தண்ணீர்ப் பீலியையும் கக்கூஸையும் பார்த்து அறிக்கை எழுதுவதும் என் வேலையாகத்தான் இருந்தது. வயசானவர்கள் முன் ஹாலில் விழுவதில்லை, ஈரத் தரையில் விழுகிறார்கள். பிடித்து எழும்ப ஒரு கம்பி இருக்கிறதா, கதவு வெளியே திறக்கிறதா, உள்ளே விழுந்து கிடந்தால் யாருக்குக் கேட்கும் என்றெல்லாம் பார்ப்பேன். என் கேள்விகள் எந்த இல்லத்துக்காரருக்கும் பிடிக்கவில்லை.

அக்காவிடம் நம் இரண்டு பேருக்கும் இடம் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அது பொய். அவளுக்கு மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ப் பல வருஷமாகிறது, பிள்ளையில்லை. என் மனைவி இறந்து முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஒரு தகரப் பெட்டியோடு பதுளையிலிருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். "ரெண்டு மாசம் இருந்து ஒன்னப் பாத்துட்டுப் போறேன்" என்றாள். எட்டு வருஷம் பார்த்தாள். நான் சீனியைத் தொட்டால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பேப்பரை விரித்தால் கூட்டுமாறோடு வந்து காலைத் தூக்கச் சொல்வாள். ஓய்வு பெற்ற மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்கவே முடியாது.

போன வருஷம் கொழும்பிலிருக்கும் மகள் போன் எடுத்தாள். "அப்பா, எங்ககிட்ட வந்துருங்க. உங்களுக்கு ஒரு ரூம் ஒதுக்கியிருக்கோம்" என்றாள். பிறகு, "அத்தைக்குத்தான் இடமில்ல" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மாடி வீடு, இரண்டு பிள்ளைகள், அவள் புருஷனின் அம்மா வேறு. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வர வேண்டிய கவலை முதலில் வரவில்லை. முதலில் வந்தது ஒரு நிம்மதி. அதை இங்கே மறைத்துப் பயனில்லை.

அந்த நிம்மதி அன்று சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அதன்பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கேஸை மூடினேனா என்று மூன்று தரம் எழுந்து பார்ப்பேன். பேனா வாங்கவென்று டவுனுக்குப் போய், முதியங்கனை விகாரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பேனா வாங்காமலே திரும்புவேன். "ஒனக்கு என்னா, கால்ல சக்கரமா?" என்பாள் அக்கா. மகளோடு பேசப் போனைத் தூக்கிக்கொண்டு பின் வாசலுக்குப் போய்விடுவேன். அக்காவுக்குக் காது மந்தம் என்பது என் நம்பிக்கை.

முதலில் பார்த்தது பதுளைக்குப் பக்கத்திலேயே ஓர் இடம். ரோட்டிலிருந்து இல்லத்துக்கு ஏறப் படிக்கட்டு. நான் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். அக்கா மேலே போய் நின்றுகொண்டு, "ஏறி வா தம்பி, மலையில பொறந்தவன்தானே" என்று கேலி பண்ணினாள். உள்ளே ஒரே கூடத்தில் பன்னிரண்டு கட்டில்கள். மூத்திர வாடையை மறைக்க யாரோ தாராளமாகப் பினாயில் ஊற்றியிருந்தார்கள். என் மூக்கை அப்படியெல்லாம் ஏமாற்ற முடியாது. வேண்டாம் என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது பண்டாரவளைப் பக்கம். அதை முதியோர் இல்லம் என்று சொல்லக் கூடாதாம், ஓய்வுக் குடியிருப்பாம். புல்தரை, குழாயில் வெந்நீர், கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி. குளியலறையில் நான் கேட்கும் முன்பே கம்பி பொருத்தியிருந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே குடியேறிவிடலாம் போலிருந்தது. ஆனால் அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. பணிப்பெண் சிரித்த முகத்தோடு அக்காவிடம் சிங்களத்தில் ஏதோ விசாரித்தாள். அக்காவுக்குக் கடைத்தெருச் சிங்களம் வரும், காய்கறி விலை கேட்குமளவுக்கு. அதற்கு மேல் வராது. அக்கா தலையாட்டினாள். பணிப்பெண் இன்னொன்று கேட்டாள். அதற்கும் அக்கா தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது.

"நடக்கிறவள ஏன் தம்பி ஒக்கார வைக்கிறாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தேன். வயிற்று வலியென்று இவள் சொல்ல, அவர்கள் வேறு என்னத்தையோ விளங்கிக்கொண்டால்? நோயாளி சொல்வது மருந்து கொடுப்பவனுக்குப் புரியாவிட்டால் என்ன நடக்குமென்று தெரிந்தவன் நான். அதையும் பட்டியலில் அடித்துவிட்டேன்.

மூன்றாவது இடம் பெரகலைச் சந்தியிலிருந்து கீழே இறங்கும் ரோட்டில். ஒரு தர்ம சபை நடத்துவது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பொறுப்பிலிருந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா, இங்கே வந்து கொஞ்ச நாள்தானாம். கக்கூஸ் சுத்தமாக இருந்தது. கம்பி ஒரு பக்கம்தான் இருந்தது, மறுபக்கமும் போடச் சொன்னேன். "போடுவம் ஐயா" என்றார், முகம் சுளிக்காமல். முற்றத்தில் நாலைந்து பெண்கள் வெயிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டு எங்கள் தோட்டத்துத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பூனாகலைக்காரி. அக்காவைக் கண்டதும் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று பிடித்துக்கொண்டாள்.

இதுதான் இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவை அவளோடு விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தை நிரப்பினேன். ஒரே ஒரு விண்ணப்பம்தான் வாங்கினேன். வீட்டுக்குப் போன பிறகு பதமாகச் சொல்லிக்கொள்ளலாம், என் பக்கத்தில் இன்னும் கட்டில் காலியாகவில்லை என்று ஏதாவது கதை விடலாம் என்று திட்டம். பொறுப்பாளர் அம்மாவிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும் என்ற புத்தி மட்டும் எனக்கு வரவில்லை.

அவர் என்னை முந்திக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்கட பேரைப் போட்டாச்சு. இனி ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார்.

"எம் பேரா? தம்பி பேரு?"

"ஐயாட பேர் இல்லையம்மா. உங்களுக்கு மட்டும்தான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். உள்ளே ஒன்றுமில்லை, கண்ணாடிக் கூடு மட்டும்தான். நிமிர்ந்தபோது அக்கா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். "சமயக்கட்டு எந்தப் பக்கம்?" என்று பூனாகலைக்காரியிடம் கேட்டுவிட்டு நேரே போய்விட்டாள்.

கோபத்தில் போகிறாள் என்று நினைத்தேன். பின்னாலேயே போனேன். அவள் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லீக்ஸ் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக்குப் போகும்போது கட்டுவதுபோல் இடுப்பில் கட்ட ஒரு சாக்குக் கிடைக்குமா என்று சமையல்காரியிடம் கேட்டாள். சமையல்காரி திகைத்துப்போய் ஒரு பழைய துணியை எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, என்ன செய்றீங்க?"

"பேரு போட்டாச்சுன்னாங்களே. பேரப் போட்டுட்டு நிழல்ல ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் பேர் என்பது வெறும் பெயரல்ல. காலைப் பெரட்டில், ஆள் எடுக்கும்போது, பேர் விழுந்தால் அன்றைக்கு வேலை உண்டு. முழுநாள் செய்தால் ஒரு பேர், பாதியில் நின்றால் அரைப்பேர். காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள்கூட, "மருந்தக் குடுங்க ஐயா, பேரு போயிரும்" என்று அவசரப்படுவார்கள். பதினாலு வயதிலிருந்து அந்த அர்த்தத்திலேயே வாழ்ந்தவள் அக்கா. பேரைப் போட்டாச்சு என்றால், அவளை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

விளக்கியிருக்கலாம். விளக்கப் போனால் தம்பி ஏன் தன் பேரைப் போடவில்லை என்பதையும் விளக்க வேண்டும். கோழை மாதிரி வாசற்படியில் நின்றேன். அவள் லீக்ஸை முடித்து, கரட்டைச் சீவி, போஞ்சியை நறுக்கி, சமையல்காரி பருப்புக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றியதற்கு ஒரு பிடி பிடித்தாள்.

பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் பொறுப்பாளர் அம்மா வந்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக எழுந்து நின்றாள். "இன்னிக்கி அரைப்பேருதான் விழும், இல்லீங்களா? லேட்டாத்தானே வந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் அக்காவின் தோளில் கை வைத்தார்.

"இஞ்ச ஒருத்தரும் வேலை செய்யத் தேவையில்லையம்மா."

"அப்ப என்னா பண்றது?"

"இருக்கலாம்."

"இருந்து?"

அந்த அம்மா, விருப்பமென்றால் காலையில் காய்கறி நறுக்க உதவலாம் என்றார். அக்காவின் முகம் தெளிந்தது. சோற்றை நன்றாகச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

சந்தியில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். அப்புத்தளை ஏற்றத்தில் மூடுபனி வந்து கண்ணாடியை அடைத்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அக்கா, ஆம்பளைங்க பக்கம் இப்போதைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"போதும் தம்பி" என்றாள். "நீ கொழும்புக்குப் போறது எனக்குத் தெரியும். பின்வாசல்ல நீ பேசுறதெல்லாம் சமயக்கட்டுக்குக் கேக்கும்."

"எப்பருந்து?"

"மொத நாள்லருந்தே."

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். எட்டு வருஷமாக நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம், எதற்கும் சண்டை போட்டுக்கொண்டு. அன்று அவள் சண்டைக்கு வரவில்லை. தியத்தலாவையில் கொஞ்சம் தூங்கினாள். தலை என் தோளில் சாய்ந்தது. எழுப்பாமல் பதுளை வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தோள் மரத்துப்போனது.

இரண்டு வாரத்தில் கட்டில் காலியானது. அதே தகரப் பெட்டியோடு அவளைக் கொண்டுபோய் விட்டேன். வாசலில் நின்று, "சீனியத் தொடாத" என்றாள்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. நான் இன்னும் கொழும்புக்குப் போகவில்லை. மகள் வாரா வாரம் கேட்கிறாள். பிரஷர் மாத்திரை முடியட்டும், தண்ணி பில் வரட்டும், மழை விடட்டும் என்று சாக்குச் சொல்கிறேன். பெட்டியை அடுக்குகிறேன், மறுநாள் ஒரு சட்டைக்காகப் பிரிக்கிறேன். வீட்டில் யாரும் காலைத் தூக்கச் சொல்வதில்லை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிக்கலாம். ஆனால் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. சீனி டப்பாவை யாரும் ஒளித்து வைப்பதில்லை, நான் அதைத் தொடுவதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரகலைக்குப் போகிறேன். கக்கூஸில் இரண்டாவது கம்பி போட்டுவிட்டார்கள். அக்கா கொஞ்சம் இளைத்திருக்கிறாள், ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. சமையல்காரி அவளைக் கேட்காமல் உப்புப் போடுவதில்லையாம். நான் போனால் ஐந்து நிமிஷம் உட்காருவாள், பிறகு எழுந்து எதையாவது எடுத்து வைக்கப் போவாள். நான் அவள் பின்னாலேயே போவேன்.

போன ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எந்த யோசனையும் இல்லாமல் வாயில் வந்துவிட்டது.

"அக்கா, வாங்க. வீட்டுக்குப் போகலாம்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"எது வரைக்கும் தம்பி? நீ கொழும்புக்குப் போற வரைக்குமா?"

போகவே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை போதும், அவள் பெட்டியைத் தூக்கியிருப்பாள். அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, கடைசி பஸ் போய்விடும், கிளம்பு என்றாள்.