எதற்கு என்று சொல்லாத மாப்பு

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய், "சொன்னது கேட்டது எல்லாத்தையும் மாப்பு பண்ணுங்க" என்று மன்னிப்புக் கேட்பது ஆம்பூரில் வழக்கம். பிறர் மனத்தாங்கலைச் சுமந்துகொண்டு மக்காவுக்குப் போகக் கூடாதாம். நல்ல வழக்கம்தான். என் தோஸ்த் என் வாசலுக்கு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியைப் பார்த்துக்கொண்டவர்கள். ஒருமுறை அவன் எடுக்க வேண்டிய தோல்களை எடுக்காமலே, "எடுத்தாச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மச்சான் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போய்விட்டான். அவன் திரும்புவதற்குள் குழியில் கிடந்த தோல் அத்தனையும் சுண்ணாம்பில் அளவுக்கு மீறி ஊறி நைந்துபோயிற்று. முதலாளி கேட்டபோது கொஞ்சமும் கூசாமல் என்னைக் கைகாட்டினான்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு மூணு பொண்ணுங்க. நீ ஒண்டிக்கட்டை. இப்ப சும்மா இரு தோஸ்த், மொதலாளி கோவம் ஆறட்டும், நானே உண்மையைச் சொல்லிட்றேன்."

நம்பினேன், மடையன். முதலாளியின் கோபம் ஆறியது. அவன் மேஸ்திரி ஆனான். எனக்குத் 'தோலைக் கெடுத்தவன்' என்ற பெயர்தான் மிஞ்சியது. பேரணாம்பட்டு வரை ஒருவரும் என்னைக் குழிப்பக்கம் விடவில்லை. ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றும் வண்டி ஓட்டிப் பிழைத்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் ரோஜா மாலையும் கழுத்துமாக வந்து நின்றான். பின்னால் சின்னக் கூட்டம். அதில் முதலாளியும் இருந்தார்.

"சொன்னது கேட்டது மாப்பு பண்ணு தோஸ்த்" என்றான். கண் கலங்கியிருந்தது.

"எதுக்கு மாப்பு? அதைச் சொல்லு."

ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தான். "எல்லாத்துக்கும்தான்."

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெயர் எனக்குத் திரும்பியிருக்கும். காத்திருந்தேன். செய்ததைச் சொல்லாதவனிடம் நான் எதைத்தான் மன்னிப்பது? ரயிலுக்கு நேரமாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவனை மறித்தவன் என்ற பெயரும் சேர வேண்டுமா?

"மாப்பு பண்ணிட்டேன், போய்ட்டு வா" என்றேன். வாய்தான் சொன்னது.

அவன் என்னைக் கட்டித் தழுவிவிட்டு நகர்ந்தான். முதலாளி பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "தோலைக் கெடுத்தவனோட ஊட்டுக்கே வந்து மாப்பு கேக்கறான் பாரு. இன்னா பெரிய மனசு!"

அது தோஸ்த்தின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.