லயத்துக்குப் போன சுண்ணாம்பு

இரசாயனப் பொறியியல் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். குறை அம்மாவிடம் இல்லை. எனக்கே அது முழுதாக விளங்கியிருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒருவர், நாளைய உலகத்தின் தண்ணீரும் சோறும் எரிபொருளும் உங்கள் கையில்தான் என்று மேசையைத் தட்டிச் சொல்வார். அவர் தட்டும்போது நம்புவேன். விடுமுறைக்கு வந்து தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், எங்கள் காம்பராவில் பாயை விரித்துப் படுத்தால், எந்தத் தண்ணீர், யாருடைய சோறு என்று குழம்பிவிடும்.

எங்களுடையது உக்குவளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் பாலை உறைய வைக்க, ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் அசிட் ஊற்றுவார்கள். மிஞ்சுகிற புளித்த தண்ணீர் நேரே ஓடைக்குப் போகும். அந்த ஓடையில் முதலில் எங்கள் லயத்துப் பெண்கள் துணி துவைப்பார்கள், அதற்குக் கீழே சிங்களக் கிராமத்து வயல்கள். ஓடை என்றால் நாறத்தான் செய்யும் என்று நினைத்து வளர்ந்தவள் நான். மாத்தளைப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் நாறாத ஓடையைக் கண்டேன்.

கிராமத்தார் மனுக் கொடுத்து, தோட்டத்து மனேஜரான தொரைக்கு மேலிடத்துக் கடிதம் வந்து, கடைசியில் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடானது. வேலையை எடுத்த கொழும்புக் கம்பனியில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைதானே, நீயே போ என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா அதே ஸ்டோரில் பால் தொட்டி கழுவுகிறவள். வரைபடச் சுருளோடு நான் தொரையின் ஜீப்பிலிருந்து இறங்கியதைக் கண்டு கையிலிருந்த பிரஷ்ஷைத் தவறவிட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் யாருடைய ஆளாக வந்து இறங்கியிருக்கிறேன் என்பது மட்டும் பிடிபடவில்லை.

என் திட்டத்தில் இரண்டு தொட்டிகளும் ஒரு குளமும் இருந்தன. குளத்தில் நுண்ணுயிர்களை வளர்த்துவிட்டால் அவை அழுக்கைத் தின்றுவிடும். அவற்றை வளர்க்க விதையாகப் போடுவது மாட்டுச் சாணம். தோட்டத்துத் தொழுவங்களில் இருந்ததையெல்லாம் வாரி வந்து நான் கரைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள்.

“சாணி கரைக்கவா புள்ள நாலு வருசம் படிச்ச?”

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் மானம் முழுக்க அந்தச் சாணிக் குளத்தில்தான் இருந்தது. புளிப்பு அந்த உயிர்களுக்கு ஆகாது. தினமும் முதல் தொட்டியில் சுண்ணாம்பைக் கலந்து புளிப்பை முறித்த பிறகே தண்ணீரைக் குளத்துக்கு விடவேண்டும். சுண்ணாம்பு நின்றால் குளம் செத்துவிடும்.

பலாபத்வலைப் பக்கத்துச் சூளையில் பன்னிரண்டு மூட்டை சுண்ணாம்பு வாங்கி, லொறியில் நானும் ஏறி வந்தேன். வழியில் சோதனைச்சாவடி. சண்டை நடந்த அந்த வருடங்களில் தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையும், பையில் தண்ணீர் மாதிரி எடுக்கும் நாலு கண்ணாடிப் போத்தலும் இருந்தால் போதும், இறக்கி விசாரிப்பார்கள். அதற்கு முந்திய மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் உரம் குறைகிறது என்று பொலிசுக்கு முறைப்பாடு போய், குண்டு செய்யக் கொடுத்தார்கள் என்று லயத்திலிருந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. ஒரு சிப்பாய் ஒவ்வொரு மூட்டையையும் கம்பியால் குத்திப் பார்த்தான். தண்ணீர் சுத்தம் செய்வதற்கு என்று சிங்களத்தில் சொன்னேன். எங்கள் முகாமின் கிணற்றையும் சுத்தம் செய்து தர முடியுமா என்று கேட்டான். கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டான். அவனுக்குப் பயப்படுவதா, கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்பதா என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தேன்.

மூட்டைகளை ஸ்டோருக்குப் பக்கத்துக் கொட்டகையில் இறக்கினோம். காவல்காரரிடம், காலையில் ஒரு தகரம் அளந்து தொட்டியில் கலக்கும்படி சொல்லிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது, தூரத்திலிருந்தே லயம் பளீரென்று தெரிந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீலம் கலந்த புது வெள்ளை. திருவிழா வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேதான் குளத்துக்குப் போனேன். குளம் பழைய ஓடையைவிட மோசமாக நாறியது. தண்ணீரில் தோய்த்த சோதனைத் தாள் புளிப்பைக் காட்டிச் சிவந்தது. கொட்டகையில் ஒரு மூட்டைகூட இல்லை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மாசித் திருவிழாவுக்கு முன்னால், லயத்துக்கு வெள்ளையடிக்கத் தோட்டமே சுண்ணாம்பு கொடுப்பது எங்கள் வழமை. நான் உயர்தர வகுப்பில் படிக்கும்போது அதை நிறுத்திவிட்டார்கள். மாசி பிறக்கும் நேரத்தில் லொறி நிறையச் சுண்ணாம்பு வந்து இறங்கினால் அது வேறெதற்கு வந்திருக்கும்? லயத்தில் கைக்குழந்தையைத் தவிர யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அங்கேயே பிறந்த பொறியியலாளருக்கு மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

அம்மா முகம் கொள்ளாத சிரிப்போடு வந்தாள்.

“தொர நிப்பாட்டுன சுண்ணாம்ப எங்க புள்ள திரும்பக் கொண்டாந்துருச்சுன்னு எல்லாருக்கும் சொன்னேன். காம்பராவுக்கு இத்தன வாளின்னு நானேதான் அளந்து குடுத்தேன். ஒருத்தரும் ஒரு கொற சொல்லல.”

காவல்காரர் வீட்டுச் சுவரும் பளபளத்தது. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நடுவாசலில் நின்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லது செய்தவளை ஏன் திட்டுகிறேன் என்று எனக்கும் பாதியில் புரியாமல் போனது.

அதற்குள் கிராமத்திலிருந்து ஒருவர் செத்த மீன்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒபிசுக்கு வந்துவிட்டார். நான் போனபோது தொரையின் கை தொலைபேசியில் இருந்தது. கெமிக்கல் களவு போயிருக்கிறது, பொலிசுக்குச் சொல்லப்போகிறேன் என்றார். கெமிக்கல் என்ற அந்த ஒரு சொல்லே போதும், லயத்துக்குப் பொலிஸ் ஜீப் வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இருவரும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். அளந்து கொடுத்தது யார் என்று கேட்டால், நான்தான் என்று அம்மா பெருமையாகவே சொல்வாள்.

“களவு இல்ல சேர். நான்தான் குடுக்கச் சொன்னேன்” என்றேன்.

தொரை தொலைபேசியை வைத்துவிட்டு, அப்படியென்றால் உன் கம்பனிக்குத்தான் எழுத வேண்டும் என்றார். எழுதினால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். பொய் சொல்லி நல்லது செய்தேனா, என் வேலையை நானே கெடுத்துக்கொண்டேனா என்று புரியாமல் ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தேன். அதற்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

நான் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஒபிஸ் பியூன் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் கரகரவென்ற சத்தத்தில் எழுந்தேன். எங்கள் காம்பராவின் சுவரை அம்மா கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். முன்சுவர் ஏற்கெனவே முடிந்திருந்தது. வாளியில் நீலம் பாரித்த தூள். அதைத் தூக்கிக்கொண்டு போய் முதல் தொட்டியின் ஒரு மூலையில் கொட்டி, மூங்கிலால் கலக்கினாள்.

சுவரில் காய்ந்துபோன சுண்ணாம்பு பழைய சுண்ணாம்பு இல்லை, காற்றுப் பட்டு வேறொன்றாக மாறிவிட்டது, இனி உதவாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குள் முதலாம் வருடப் பாடம் குறுக்கே வந்தது. மாறித்தான் போயிருக்கும். ஆனால் அந்த மாறிய பொருளும் புளிப்பை முறிக்கும், கொஞ்சம் மெதுவாக. அரை மணி நேரம் கழித்து அந்த மூலையில் தாளைத் தோய்த்தேன். சிவப்புப் போய், புளிப்பு முறிந்ததைக் காட்டும் பச்சைக்குக் கிட்ட வந்திருந்தது. மற்ற மூலைகளில் அதே சிவப்பு.

“சரியாயிருச்சா?” என்று அம்மா கேட்டாள்.

ஆயிருச்சு என்றேன். ஒரு வாளி ஒரு மூலைக்குத்தான் காணும் என்று சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த வீட்டுச் சுவர்களையும் கேட்கப் போயிருப்பாள், அவர்களும் சுரண்டிக் கொடுத்திருப்பார்கள். அம்மாவின் கையைப் பிடித்தேன், விரல்கள் வெந்து தோல் உரிந்திருந்தன.

அந்த வார முடிவிலேயே கம்பனி என்னைத் திருப்பி அழைத்துக்கொண்டது. குளத்தை வேறொருவர் வந்து மறுபடி சாணியிலிருந்து தொடங்கினார். நான் லீவு போட்டு, திருவிழா முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போனேன். சாமி லயத்தைச் சுற்றி வந்தபோது, வெள்ளை வெளேரென்ற வரிசையில் எங்கள் காம்பரா மட்டும் மண் நிறத்தில் நின்றது. உங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வெள்ளையடிக்கல என்று வெளித்தோட்டத்து உறவுக்காரி ஒருத்தி கேட்டாள்.

“எங்க சொவரு தண்ணிக்குப் போயிருச்சு” என்று சொல்லிவிட்டு, அம்மா தேங்காய் உடைக்கப் போனாள்.