கட்டில் கழற்றும் ஏழு நிமிடங்கள்

டார்ச்சை அவர் ஒருபோதும் முழுதாகக் காட்டமாட்டார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கண்ணாடியின்மேல் வைத்து மூடி, இடையில் நெல்லளவு சந்து விடுவார். சிவப்பாகக் கசியும் அந்த வெளிச்சம் வருகிறவரின் செருப்பு முனையில் விழுந்து, படிப்படியாக இறங்கி, இருக்கை எண்ணில் போய் நிற்கும். முகத்தில் மட்டும் படாது. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தியேட்டரில் டிக்கெட் கிழித்து ஆளை உட்கார வைக்கிற வேலை. எல்லோருக்கும் அவர் டார்ச்சண்ணன். எந்தப் படத்துக்கும் முதல் பத்து நிமிடம் அவருக்குக் கிடைத்ததில்லை. கதை எங்கே தொடங்கியது என்பதை முடிவிலிருந்து ஊகித்துக்கொள்வார்.

கடிகாரம் கட்டுவதில்லை. "படமே ஓடுது, தனியா இன்னொண்ணு எதுக்கு ஓடணும்?" என்பார். நாயகன் அடிபட்டால் டீக்குச் சொல்லும் நேரம். கோர்ட்டு வந்தால் கதவுத் தாழை நீக்கும் நேரம்.

எழுந்து போகிறவர்கள் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கழிப்பறைக்குப் போகிறவன் திரையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடப்பான். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் அவன் திரும்பி வரமாட்டான். ஏன் போகிறீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பிய மாப்பிள்ளையைத் தெருவில் நிறுத்திப் பேசுவதுபோல் அது, அசிங்கம்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஒரு படம். எடுத்தது முப்பது வயதுப் பெண். அவளுக்கு அது முதல் படம். ஊரின் கிழக்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள ஆலைக் குடியிருப்பிலேயே எடுத்திருந்தாள். சொல்லாமல் வீட்டைவிட்டுப் போன மகள், மிச்சமிருக்கும் அப்பா அம்மா. இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி: மகளின் கட்டிலை அப்பா கழற்றுகிறார், அம்மா டார்ச் பிடிக்கிறாள். ஏழு நிமிடம் ஒரு பேச்சில்லை. திருகாணிகள் தரையில் விழும் சத்தம் மட்டும். டார்ச்சண்ணனுக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. வெளிச்சத்தைத் திருகாணியில் நிறுத்தினாளே தவிர, புருஷன் முகத்துக்கு ஒரு தடவைகூடக் கொண்டுபோகவில்லை. தொழில் தெரிந்தவள்.

மறுநாள் பத்திரிகைகளில் அதே பேச்சு. 'இந்த ஆண்டின் மிகச் சிறந்த ஏழு நிமிடங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மேனேஜர் அதைக் கத்தரித்துக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினார்.

"சந்தோஷம்தான். ஆனா எழுதின ஆறு பேருமே ஓசி பாஸ்ல வந்தவங்க" என்றார்.

மாலைக் காட்சி மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். குடியிருப்பு ஆட்கள் தங்கள் தெருவைத் திரையில் பார்க்க வந்தார்கள். நாற்பது, ஐம்பது தலை. ஆனால் கட்டில் காட்சியில் இருக்கைகள் படபடவென்று மடங்கின. இருபது பேர், பையோடு. சிலர் வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தமாதிரி இருந்தது. பை கையில் இருந்ததால் அவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஞாயிறு காட்சி முடிந்ததும் இயக்குநர் படிக்கட்டில் அவருக்காகக் காத்திருந்தாள். அடுத்த வெள்ளி பெரிய படம் வருகிறது. மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்: "பாதியில எழுந்து போற படத்துக்கு ரெண்டாவது வாரம் வேணும்னு முதலாளிகிட்ட எந்த வாயால கேக்கிறது?"

"அண்ணே, உள்ள வர பயந்து நான் மேனேஜர் ரூம்லயே உக்காந்திருக்கேன். நீங்கதான் கிட்ட பாக்கறீங்க. எந்த இடத்துல எழுந்திரிக்கிறாங்க?"

அவர் டார்ச்சை அணைத்துப் போட்டு, போட்டு அணைத்தார்.

"விடும்மா. படம்னா நாலு பேர் போகத்தான் செய்வாங்க."

"மறைக்காதீங்கண்ணே. தெரிஞ்சா சரிபண்ணலாம்."

"அந்தக் கட்டில் கழட்டுற இடம்."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

அவள் தலையாட்டினாள். செவ்வாய்க்கிழமை, அந்த ஏழு நிமிடம் இல்லாத படம் வந்து சேர்ந்தது.

டார்ச்சண்ணன் அன்று கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டில் இல்லை, நேராக அப்பா தண்ணீர் குடிக்கும் காட்சி. போன் அடித்தது. அப்பா அதை எடுக்கப் போனபோது இருக்கைகள் படபடவென்று மடங்கின. பதினெட்டுப் பேர். புதனும் அப்படித்தான், அதே போன் மணியில்.

அன்றுதான், ஏழு நிமிடத்தைப் புகழ்ந்து எழுதிய அந்த விமர்சகர் மனைவிக்குக் காட்சியைக் காட்டவென்று சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்திருந்தார். படம் முடிந்ததும் மேனேஜரைப் பிடித்துக் கத்தினார். 'கதவுச் சத்தத்துக்குப் பயந்துபோன இயக்குநர்' என்று மறுநாள் எழுதினார். கண்ணாடியில் முதலில் ஒட்டியதை மேனேஜர் நகத்தால் சுரண்டி எடுத்தார், பசை போகவில்லை. வியாழனோடு படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

கிளம்பும்போது அவள் சிரித்தாள். "அடுத்து போன் சீனையும் வெட்டலாமாண்ணே? அப்படியே பின்னாடி போனா டைட்டில் மட்டும் மிஞ்சும்."

அவர் டார்ச் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"உங்களை ஒண்ணும் சொல்லலண்ணே. நீங்க பாத்ததைத்தானே சொன்னீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வீட்டில் சொன்னபோது மனைவி காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க என்ன ஜட்ஜா? தெரியலம்மான்னு சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?"

"கேட்டாளே."

"கேட்டா? கடை வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிகிட்ட, துணி நல்லாயிருக்கான்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்?"

பிறகு பல நாள் அவர் இருக்கை மடங்கும் சத்தம் கேட்டால் திரும்பாமல் சுவரைப் பார்த்து நிற்கப் பழகிக்கொண்டார். அந்தப் பெண் விளம்பரப் படம் எடுப்பதாக யாரோ சொன்னார்கள். தொலைபேசி எண் அவரிடம் இல்லை. இருந்தாலும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஐந்து மாதம் கழித்து மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். பஸ் கண்டக்டர். சாப்பிட்டுக்கொண்டே பழைய கதை பேசினான்.

"அந்தப் படம் எப்படித்தான் மாமா முடியும்? உங்க தியேட்டர்ல ஓடிச்சே, கட்டில் படம்."

"உனக்கெப்படிடா தெரியும்?"

"ஆத்துப் பால வேலைக்காக ராத்திரி எட்டரைக்கு ரோட்டை மூடுனாங்கல்ல, அப்போ என்னை ஆலைக் குடியிருப்புக்குப் போற கிழக்கு லைன்ல போட்டாங்க. ஒம்பதேகால் கடைசி வண்டியை எட்டேகாலுக்கு மாத்துனாங்க. சரியா ரெண்டு வாரம். உங்க தியேட்டர்லேருந்து ஒரு கூட்டம் ஓடி வரும், ஒரு நிமிஷம் நிறுத்துப்பான்னு கத்திக்கிட்டு. ஏறினதுலேருந்து ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க, பொண்ணு திரும்பி வந்திருப்பாளா, மாட்டாளான்னு. ஒரு அம்மா மூணு நாள் வந்துச்சு மாமா. மூணு நாளும் பாதிப் படத்துல எழுந்து வந்துதான் ஏறுச்சு."