மேலே போக வேண்டிய மெட்டு

வில்மா ஹால்க்ரோவுக்கு மீன் ஷெட்டில் வேலை. சால்மனைக் கீறிச் சுத்தம் செய்து பனிக்கட்டிக்குள் அடுக்க வேண்டும். என்னதான் கையுறை போட்டாலும் சாயங்காலம் விரல்கள் மரத்துப்போய்விடும். அந்த விரல்களால்தான் ஒரு காலத்தில் தீவின் எல்லாக் கல்யாணங்களுக்கும் பியானோவில் பக்கவாத்தியம் வாசித்தாள். இடது கையில் ஒரு தட்டு, வலது கையில் ஒரு தட்டு. பிடில்காரன் எந்த வேகத்தில் ஓடினாலும் அவன் காலுக்குக் கீழே தரையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கைதட்டல் எல்லாம் பிடிலுக்குப் போகும். அதில் அவளுக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை.

மகன் கிப்பி போன பிறகு அவள் பியானோவைத் தொடவே இல்லை. ஏப்ரல் கடல்தானே என்று கிளம்பிய படகு அது. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற இந்த ஷெட்லாந்துத் தீவுகளில் இப்படி ஒருவரையாவது கடலுக்குக் கொடுக்காத குடும்பம் குறைவு. அதனால் யாரும் அவளிடம் நிறையப் பேசவில்லை. ஆட்டிறைச்சி சூப்பைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்களுக்குத் துக்கம் விசாரிக்க வேறு வழி தெரியாது.

வருஷங்கள் ஓடின. இந்த ஈஸ்டர் விடுமுறையில், ஊர் மண்டபத்தின் சாவியும் சமையலறையும் வைத்திருக்கிற ஈனா, கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"அடியே, பியானோ வாசிக்கிற பீட்டர் ஏணியிலேர்ந்து விழுந்து மணிக்கட்ட ஒடச்சிக்கிட்டான். பசங்களோட பிடில் ஒர்க்‌ஷாப்புக்கு ஆளில்ல. நீ வா."

"எனக்கு மறந்துபோச்சு."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு. சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவளுக்கு மறக்குமா?"

"ஈனா, என்னால முடியாது."

"முடியாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் வா. வெளியூர்லேர்ந்து ஒரு பொண்ணு சொல்லித்தர வருது. பக்கவாத்தியம் இல்லாம பசங்க ஆளுக்கொரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவாங்க. பாவம் அது."

ஈனாவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் இல்லை. வில்மா போனாள்.

அவள் தயங்கியதற்குக் காரணம் துக்கம் மட்டுமில்லை. ஒரு மெட்டும் இருந்தது. எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு, கல்யாணத்துக்கு, சில சமயம் நாய்க்குட்டி பிறந்ததற்குக்கூட ஒரு மெட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கடைக்குப் போய்ப் பரிசு வாங்கச் சோம்பல்படுகிறவர்களின் வழக்கம் என்று வில்மாவே கிண்டல் செய்திருக்கிறாள். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளன்று கிப்பி வெறுங்கையோடு வந்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பிடிலை எடுத்தான். மெட்டுக்குப் பெயர் 'வில்மாவின் கதவு'. முதல் பகுதி அமைதியாக நடந்து வீட்டை நோக்கி வரும். இரண்டாவது பகுதியில் ஓரிடத்தில் மெல்லிய தந்தியில் சட்டென்று மேலே ஏறும், ஒரு நொடி அங்கேயே நிற்கும், பிறகு சிரித்துக்கொண்டு இறங்கும்.

"அந்த மேல போற எடம் என்ன தெரியுதாம்மா?"

"என்னடா?"

"நான் கதவத் தொறக்கறேன். நீ 'பூட்ஸக் கழட்டுடா'ன்னு கத்தற. அதான் அது."

அவள் கரண்டியாலேயே அவனை ஒரு போடு போட்டாள்.

அந்த வசந்தத்தில் கிப்பி ஒர்க்‌ஷாப்பில் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனான். வில்மா அன்று ஷெட்டில் இருந்தாள். நடந்ததைச் சாயங்காலம் அவன்தான் வந்து சொன்னான். புதிதாக ஏதாவது கேட்டார்களாம். அம்மா மெட்டையே எடுத்திருக்கிறான். பாதி வழியில் மெல்லிய தந்தி அறுந்துவிட்டது. காற்றில் படகுப் போக்குவரத்து நின்றுபோயிருந்ததால் வேறு தந்தி கிடைக்கவில்லை. சின்னப் பசங்களின் குட்டிப் பிடில் தந்தி இவன் பிடிலுக்கு எட்டாது. மீதி மூன்று தந்தி போதும் என்று, மேலே ஏற வேண்டிய இடத்தில் கீழே இறங்கி, வேறு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டான். பசங்கள் அதையே அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"உன் கத்தல் இல்லாமயே சொல்லிக்குடுத்துட்டேம்மா," என்று சிரித்தான். "அடுத்த சனிக்கிழம போயி சரி பண்ணிடறேன்."

அந்தச் சனிக்கிழமை வரவில்லை. தாளில் எழுதி வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. ஃபோனில் பதிந்தது ஏதாவது இருந்தால் அதுவும் அவனோடு போய்விட்டது. அவன் அப்பா பெர்ட்டிக்குக் கப்பல் எஞ்சின் அறையிலேயே காலம் போனதில் காது மந்தம். தவிர எல்லா மெட்டும் அவருக்கு ஒன்றுதான். கிப்பி வாசித்த மாதிரியே அந்த மெட்டு இருந்த ஒரே இடம் வில்மாவின் தலைக்குள்தான். அவள் அதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. ஷெட்டில் பனிக்கட்டி வாரும்போது, உதடுகூட அசையாமல், உள்ளே ஓடவிட்டுக் கேட்பாள்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்த பெண்ணின் பெயர் மைரி. இன்வர்னெஸ்காரி, துறுதுறுவென்று இருந்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பசங்களை உட்காரவைத்தாள்.

"பென்சில், பேப்பர் எல்லாத்தையும் பைக்குள்ள வைங்க. காது மட்டும் வெளிய இருக்கட்டும். இது உங்க பக்கத்து மெட்டுதான்னு கேள்வி. கிளாஸ்கோவுல ஒரு பப்ல ஒருத்தர்கிட்ட புடிச்சேன். பேரு அவருக்கே தெரியல."

"பேரில்லாம எப்படி ஞாபகம் வச்சுக்கறது?" என்று கேட்டாள் சுனிவா. முன்பல் விழுந்த சின்னப் பெண்.

"நீயே ஒண்ணு வையேன்."

"மைரியோட மூக்கு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, மண்டபமே சிரித்தது.

மைரி வாசித்தாள். முதல் பகுதி வீட்டை நோக்கி நடந்து வந்தது. வில்மா பியானோவிலிருந்து தலையைத் தூக்கினாள். இரண்டாவது பகுதி ஆரம்பித்து, மேலே ஏற வேண்டிய இடம் வந்தது. மெட்டு கீழே இறங்கியது. அவள் கைகள் பியானோமேல் அப்படியே நின்றுவிட்டன.

"வில்மா, ரொம்ப வேகமாப் போயிட்டனா?"

"இல்லம்மா. நீ வாசி."

சூப் நேரத்தில் சமையலறை மூலையில் மைரியைப் பிடித்து வில்மா விஷயத்தைச் சொன்னாள். நாலே வாக்கியம்தான். அவள் கையிலிருந்த தட்டையான பானக் ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

"ஐயோ, நான் பாட்டுக்குப் பேரே இல்லன்னு... மன்னிச்சுடுங்க."

"நீ என்ன பண்ணுவ. அந்த ரெண்டாவது பகுதி அப்படியில்ல. மேல போகணும்."

"இப்பவே காட்டுங்க. வாங்க, பியானோல வாசிங்க."

வில்மா மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். சுனிவா சூப்பைத் தொடாமல், அந்தக் கீழே இறங்குகிற இடத்தையே நாக்கைத் துருத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேணாம். பசங்க பாதி புடிச்சிட்டாங்க, ரெண்டும் கலந்து குழம்பிப்போயிடும். நாளைக்கு அவங்க கச்சேரி முடியட்டும், தரேன்."

"சத்தியமா?"

"எங்க போயிடப்போறேன்."

பசங்களுக்காகச் சொன்னது உண்மைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. இத்தனை வருஷம் அவளிடம் மட்டுமே இருந்த ஒன்று. கொடுத்துவிட்டால் ஊர்ச் சொத்தாகிவிடும், கிளாஸ்கோவில் எவனோ பீர் குடித்துக்கொண்டு வாசிப்பான். இன்னும் ஒரே ஒரு நாள் தன்னிடம் இருக்கட்டும் என்று அவளுக்குப் பேராசை. அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் வேறு வார்த்தையும் தெரியவில்லை.

வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பெர்ட்டியிடம் கத்திச் சொன்னாள்.

"குடுத்துட்டே வந்திருக்கலாமே," என்றார் அவர்.

"நாளைக்குத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

"கிப்பியும் அடுத்த சனிக்கிழமன்னுதான் சொன்னான்."

"வாய மூடிக்கிட்டு இருங்க."

"என்னது?"

"ஒண்ணுமில்ல!"

இந்த மனிதருக்குக் கேட்கக் கூடாதது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். அவள் கோபத்தோடு கிழங்கின் தோலைச் சீவினாள். உள்ளுக்குள் மெட்டை ஓடவிட்டுப் பார்த்தாள். நடந்து வந்தது, ஏறியது, நின்றது, சிரித்துக்கொண்டு இறங்கியது. அன்று சாயங்காலம் வரைக்கும் அது பத்திரமாக இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஒத்திகை. மைரி விடவே இல்லை. ரெண்டாவது பகுதி, ரெண்டாவது பகுதி, இன்னொரு தடவை, அந்தக் கீழே வர்ற எடம் மட்டும், இப்ப எல்லாரும் சேர்ந்து. வில்மா டும்-சக், டும்-சக் என்று தரை போட்டுக்கொண்டே இருந்தாள். மேலே போனாலும் கீழே போனாலும் பியானோவுக்கு வித்தியாசமில்லை, அவள் கை வாசிப்பது ஒன்றுதான். அதனால் கை ஒரு தடவையும் முரண்டு பிடிக்கவில்லை.

கச்சேரிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே காற்று ஊளையிட்டது. மைரி எழுந்து, "இந்த மெட்டுக்குப் பேர் இருக்கு. 'வில்மாவின் கதவு'. இந்தத் தீவுல கிப்பி ஹால்க்ரோ கட்டினது," என்றாள். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். ஈனா கரண்டியோடு நின்றாள். பெர்ட்டிக்கு என்ன கேட்டதோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பசங்கள் வாசித்தார்கள். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. கூட்டம் காலால் தரையைத் தட்டி இன்னொரு தடவை கேட்டது, மறுபடியும் கேட்டது. கீழே இறங்குகிற இடத்துக்கு வரும்போதெல்லாம் சுனிவா பல்லில்லாத வாயால் பியானோவைப் பார்த்துச் சிரித்தாள். வில்மாவும் சிரித்தாள். அந்த இடம் அழகாகத்தான் இருந்தது. ரொம்ப வருஷம் கழித்து அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை நான் மறைக்க மாட்டேன்.

எல்லோரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கும் சத்தத்துக்கு நடுவே, மைரி ஃபோனைப் பியானோமேல் வைத்துப் பதிவை அமுக்கினாள்.

"நிதானமா வாசிங்க. அவசரமே இல்ல."

வில்மா ஒரு விரலால் ஆரம்பித்தாள். முதல் பகுதி தானாக நடந்து வந்தது. இரண்டாவது பகுதி, ஏற வேண்டிய இடம். விரல் கீழே இறங்கியது.

"இரும்மா. இன்னொரு தடவ."

மறுபடியும் இறங்கியது. கண்ணை மூடி உள்ளே கேட்டுப் பார்த்தாள். உள்ளேயும் பசங்கள்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் சேர்ந்து, பிசிறில்லாமல். பூட்ஸக் கழட்டுடா, பூட்ஸக் கழட்டுடா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வார்த்தை இருந்தது. அதன் ஸ்வரம் வரவில்லை. விரலை வலுக்கட்டாயமாக மேலே கொண்டுபோனாள். ஏதோ ஒன்று கேட்டது, ஆனால் அது யாருடைய மெட்டும் இல்லை.

மைரி பொறுமையாகக் காத்திருந்தாள். சுனிவா பிடில் பெட்டியை அணைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"வரலன்னா பரவால்ல வில்மா. நாளைக்குக்கூட நான்..."

"வேணாம்மா," என்றாள் வில்மா. பியானோ மூடியைச் சாத்தினாள். "நீ வாசிச்சதேதான். அப்படித்தான் அவன் கட்டினான். நான்தான் இத்தன நாளா தப்பா நெனச்சிட்டிருந்தேன்."

மைரி பதிவை நிறுத்தி, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வில்மா வீட்டுக்கு வந்து அடுப்பில் கெட்டில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பெர்ட்டி கதவைத் திறந்தார். பூட்ஸ் முழுக்கச் சேறு.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

அவர் சமையலறையின் குறுக்கே நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கழுவி வைத்த தரையில் கறுப்பாகத் தடம் விழுந்திருந்தது. பூட்ஸுக்காகக் கத்தப்போகிறாள் என்று அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கத்தாமல் கெட்டிலை இறக்கினாள்.