நாங்கள் என்ற சொல்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டு நேசமலர் அக்கா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் அந்தோனியார் தேவாலயத்தில் செபிப்பதைப் பற்றியது அவருடைய ஆய்வு. அவருடைய தம்பியும் அப்படிக் கொண்டுபோகப்பட்டவன்தான்.

அவர் 'நாங்கள் செபித்தோம்' என்று எழுதியிருந்தார். "ஆய்வாளர் வெளியில நிண்டு பாக்கவேணும். 'அவர்கள்' எண்டு மாத்தாட்டிப் பட்டம் கிடையாது" என்றாராம் பேராசிரியர்.

"மெழுகுதிரியை நான் பிடிச்சுக்கொண்டு 'அவர்கள்' எண்டு எழுதினால் அந்தோனியாரே சிரிப்பார். என்ன பிள்ளை?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

சைவக்காரியான நானும் அங்கே அவர் பக்கத்தில் முழங்காலில் நிற்பவள். சிரித்துவிட்டேன்.

அக்கா சொல்லை மாற்றவில்லை. முன்னுரையில் மட்டும், 'என் தம்பிக்காக நானும் மன்றாடினேன்' என்று சேர்த்தார். பேராசிரியர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம்.

"தம்பியின்ர பெயர் என்ன?"

"அருள்ராசன், சேர்."

"அதையும் எழுதும். 'நாங்கள்' இருக்கட்டும்."